வெள்ளை வயரில் வராத சத்தம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு எப்படியாவது பழைய டீவிப் பெட்டிக்கு வந்துவிடுகிறது. கூரையில் ஏறி ஏரியலைத் திருப்பியது, ‘வருதா, வருதா’ என்று கத்தியது, ஒரே கெசட்டைத் தேயத் தேயப் போட்டுப் பார்த்தது எல்லாம் சொல்லிச் சிரிப்போம். நானும் சிரிப்பேன். ஆனால் யாராவது ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் வீட்டுக்கு டீவி வந்த காலம் அப்படியொன்றும் திரும்பி வர வேண்டிய காலம் இல்லை. எண்பதுகளின் கடைசியை இலங்கையில், மாத்தளைப் பக்கத்தில் கழித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அப்பா யட்டவத்தைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் டீமேக்கர், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பாளர். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து ஆட்கள் ‘ஸ்டோரு’ என்பார்கள். ரோலர்களும் ட்ரையரும் ஓடுகிற அந்தத் தகரக் கட்டடத்துக்குள், பக்கத்தில் நிற்பவரின் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு. அப்பா அங்கே இளந்தாரியாக நுழைந்து தலை நரைக்கும் வரை நின்றவர். எங்கள் குவாட்டர்ஸ் ஸ்டோருக்கு நேர் கீழே, சரிவில் இருந்தது. மெஷின் ஓடும் நேரமெல்லாம் அல்மாரிக் கண்ணாடி லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. மெஷின் நின்றால்தான் என்னவோ ஏதோ என்று திடுக்கிடுவோம்.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி, அந்த வருடம் மழைக்கு முன்னால் சவூதியிலிருந்து வந்து இறங்கினார். வாடகை வேன் நிறைய அட்டைப் பெட்டிகள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மெல்லிய சங்கிலி, சென்ட் வாசனை. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் வேனுக்குப் பின்னால் ஓடினோம். அம்மா வாசலில் நின்று தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “ஏன்டா இந்த நேரத்துல வந்த?”

அப்படித்தான் இருந்தது நேரம். இளம் வயது ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கே காய்ச்சல். அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களும் கூட்டிப்போவார்கள், ஜீப்பில் வருகிற ஆமிக்காரர்களும் கூட்டிப்போவார்கள். மாமா வந்த மறுநாளே அம்மா கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கி அல்மாரிக்குள் வைத்துவிட்டாள். வாசல்படியைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். சவூதியில் அத்தனை வருடம் இருந்துவிட்டு வந்த மனிதர் எங்கள் முன்னறைக்குள் சிறைப்பட்டார். அதனால்தான் அவருக்கு அந்த வயர்கள் மேல் அப்படியொரு வெறி வந்தது என்று இப்போது தோன்றுகிறது. கைகளுக்கு வேறு வேலை இல்லை.

பெட்டிகளைப் பிரித்தபோது ரெஜிபோம் என்கிற தெர்மாகோல் கட்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சிட்டன. அந்த வெள்ளைத் துகள்கள் மாதக்கணக்கில் பாயிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. முதலில் டீவி வந்தது. அடுத்து வீடியோ கெசட் போடுகிற டெக். பிறகு எங்கள் அரிசிப் பெட்டி அளவில், முகமெல்லாம் குமிழ்கள் வைத்த ஒரு வெள்ளி நிறப் பெட்டி. அப்புறம் இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஹெட்போன்.

“இந்த ஆம்ப் எதுக்குடா? டீவியிலயே சத்தம் வருமே” என்றார் அப்பா.

“ஆம்ப் இல்ல அத்தான், ரிசீவர். டீவி, டெக், ரேடியோ எல்லாம் இதுக்குள்ள போயி, இங்கருந்து ஸ்பீக்கருக்கு வரும். தியேட்டர் தோத்துப் போயிரும்.”

“தியேட்டரையே மூடிட்டாங்க, இங்க என்னாத்துக்கு தியேட்டரு?” என்றாள் அம்மா.

அந்த வெள்ளிப் பெட்டியின் முதுகு முழுக்க ஓட்டைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி இங்கிலீஷ் எழுத்து. மாமா அதைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சவூதியில் அவர் பார்த்த வேலை ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு வயர் தெரியாமலா இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். மாமாவும் அப்படியேதான் நினைத்துக்கொண்டார் போல.

டீவியில் படம் வந்துவிட்டது. ரிசீவரில் ஒரு முனகலைத் தவிர எதுவும் வரவில்லை. டீவியின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார். அதில் சத்தம் வெளியே போக வழியே இல்லை. நாலைந்து நாள் மல்லுக்கட்டிய பிறகு மாமாவுக்கு உண்மை விளங்கியது. ஏரியல் வயரை முதலில் டெக்கில் குத்த வேண்டும். அங்கிருந்து ஒரு வயர் டீவிக்கு. டெக்கின் முதுகிலிருந்து சிவப்பு, வெள்ளை என்று இரண்டு வயர் ரிசீவருக்கு. ஆகவே கெசட் இல்லாமல் வெறும் செய்தி பார்ப்பதென்றாலும் டெக்கைப் போட்டே ஆக வேண்டும்.

“சோறாக்கணும்னா அம்மியையும் கழுவி வைக்கணும்ங்கிற மாதிரியில்ல இருக்கு” என்று அம்மா சிரித்தாள்.

“சிவப்பு ரைட்டு, வெள்ளை லெஃப்ட்டு. நல்லா ஞாபகம் வச்சுக்க பாப்பா. மாத்திக் குத்தினா சத்தம் தலகீழா வந்துரும்” என்று மாமா என்னை எச்சரித்தார். தலைகீழான சத்தம் எப்படியிருக்கும் என்று நான் படுத்துக்கொண்டு யோசித்ததுண்டு.

அன்று சாயந்தரம் இரண்டு ஸ்பீக்கரும் வாய் திறந்தபோது வீடே குலுங்கியது. ஸ்டோரிலிருந்து இறங்கி வந்த அப்பா செருப்பைக் கழற்றாமல் நேராக ரிசீவரிடம் போய், பெரிய குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினார். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். “காதுல பஞ்சா வச்சிருக்கீங்க?” என்று கத்தினாள். அப்பா திரும்பியும் பார்க்கவில்லை. மச்சான் கொண்டு வந்த பெட்டியால் அவருக்குத் தலைகால் புரியவில்லை என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

அந்தச் சத்தம் நாலு வாரம்கூட நிலைக்கவில்லை. ஒரு காலை ஸ்டோர்ச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆறு மணிக்கு மேல் விளக்கு எரியக்கூடாது, டீவி போடக்கூடாது, மீறினால் என்ன ஆகும் என்பதையும் எழுதியிருந்தார்கள். யார் ஒட்டியது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கிழித்தால் ஒட்டியவர்களுக்குப் பகை, கிழிக்காமல் விட்டால் ஜீப்பில் வருகிறவர்களுக்குப் பகை. கடைசியில் மழைதான் அதைக் கரைத்தது.

ஆனாலும் செய்தி கேட்காமல் இருக்க முடியாது. நாளைக்கு ஊரடங்கா, பஸ் ஓடுமா, மாத்தளையில் கடை திறப்பார்களா என்பதெல்லாம் அதில்தான் தெரிய வேண்டும். மாமா வழி சொன்னார். ஜன்னலுக்குக் கம்பளி. ஸ்பீக்கருக்குப் பதில் ஹெட்போன். அப்பா மட்டும் அதை மாட்டிக்கொண்டு செய்தி கேட்பார். நாங்கள் சத்தமில்லாத படத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்பா நெற்றியைச் சுருக்கினால் அம்மாவின் விரல்கள் செபமாலையில் வேகமாக நகரும். வெளியே நாய் குரைத்தால் மாமா எழுந்து குசினிக்குள் போய்விடுவார்.

இரண்டொரு நாளிலேயே அப்பா முறைப்பாடு சொல்ல ஆரம்பித்தார். ஹெட்போனில் ஒரு பக்கம்தான் சத்தம் வருகிறதாம். மாமா மேசைக்குப் பின்னால் ஊர்ந்து போய் வயர்களைக் கழற்றி, ஊதி, மறுபடி குத்தினார். அங்கிருந்தே கேட்டார்.

“அத்தான், ரைட்டா?”

“ரைட்டு!” என்றார் அப்பா, ஹெட்போன் மாட்டியவர்களுக்கே உரிய பெரிய குரலில்.

மாமா திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். மறுநாளும் அதே முறைப்பாடு. மறுநாளும் “ரைட்டா?”, “ரைட்டு!” ஒரு வாரம் இப்படியே போன பிறகு மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“தினமும் ரைட்டு ரைட்டுன்னுட்டு அப்புறம் சரியில்லைங்கிறீங்களே அத்தான்?”

“நான் எங்கடா சரின்னேன்? ரைட்டு மட்டும் வருதுன்னேன். லெஃப்ட்டு வரல்ல.”

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பஸ் கொண்டக்டர் ரைட் என்றால் போகலாம் என்று அர்த்தம், கடைக்காரர் ரைட் என்றால் கணக்குச் சரி என்று அர்த்தம், அப்பா ரைட் என்றால் மட்டும் வலது பக்கம். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதற்குப் பிறகு வெகு நாளைக்கு இல்லை.

மாமாவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. தான் கொண்டு வந்த சாமான் பழுது என்று அத்தான் சொல்வதா? வெள்ளை வயரின் முனையை பிளேடால் சுரண்டினார். யூடிகொலோன் போட்டுத் துடைத்தார். சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிக்கூடக் குத்திப் பார்த்தார். சத்தம் தலைகீழாகவில்லை, அப்பாவுக்கு இடது பக்கம் வரவும் இல்லை. தானே மாட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது.

“எனக்கு வருதே அத்தான்!”

“நீ போட்டா வருது, நான் போட்டா போயிருது. எங்கயோ லூஸ் கனெக்ஷன்.”

“உங்க தலை பெருசு. மாட்டும்போது உள்ள வயர் இழுபடுது போல.”

தலை பெரிது என்பதை எல்லோரும் நம்பினோம். மாமா அதற்காக ஹெட்போன் வளைவை முழங்காலில் வைத்து அகட்டினார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மூன்று பெரியவர்கள் ஒரு வயரின் மேல் அத்தனை நாள் பழியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாத்தளை டவுனுக்குள் நுழையும் முன் ஒரு வளைவில் ஆமிச் சோதனைச் சாவடி இருந்தது. பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. வெறும் பஸ் முன்னால் போய் நிற்கும். தார் பீப்பாய்க்குப் பக்கத்தில், வருகிறவர்களுக்கு இடது கைப் பக்கமாக ஒரு சிப்பாய் நிற்பான். ‘நவதின்ன’ என்றால் நிற்க வேண்டும். ‘யன்ன’ என்றால் போகலாம். சிங்களம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் அந்த இரண்டு சொல் தண்ணீர் பட்ட பாடு. நான் பாயில் படுத்துக்கொண்டு அவற்றைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அப்பா ஸ்டோருக்கு ஏதோ பெல்ட் வாங்க டவுனுக்குப் போய்வந்த ஒரு நாள், வழக்கம்போலக் கை கால் கழுவினார், தேத்தண்ணி குடித்தார், வேலைக்குப் போய்விட்டார். பின்னாலேயே தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வீட்டம்மா மூச்சு வாங்க வந்தார். அவரும் அதே பஸ்ஸில் வந்தவர்.

“அந்தப் பையன் ‘நவதின்ன, நவதின்ன’ன்னு கத்துறான். உங்க வீட்டுக்காரரு ராசா மாதிரி நடந்து போறாரு. துவக்கைத் தூக்கிட்டான்மா! பின்னுக்கு நின்ன ஆளு சட்டையைப் புடிச்சு இழுத்துருக்காட்டி இந்நேரம்...” அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா திரும்பி வந்ததும் பெரிய சண்டை. “உசிர விட வீம்பு பெருசா உங்களுக்கு? சுட்டுட்டான்னா நானும் புள்ளையும் எங்க போறது?” என்று அம்மா கேட்டாள். “ஏதோ யோசனையில போயிட்டேன்” என்பதைத் தவிர அப்பா வேறு எதுவும் சொல்லவில்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் ஆத்திரம். வீட்டிலும் அப்படித்தானே? சாப்பிடும்போது அவள் பேசினால் அப்பா பதில் சொல்வதில்லை. மூன்று தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்புவார். குசினிக் கதவு அந்தப் பக்கம் இருந்ததால் அம்மா எப்போதும் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருவாள். அன்று பின்கட்டில் மாமாவிடம் அவள் அழுதுகொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. “அவருக்கு எம்மேல பழைய மனசு இல்லடா. என் குரலே அவருக்குப் புடிக்கல்ல.”

அப்பா டவுனுக்குப் போகும் நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். பஸ் ஹோர்ன் கேட்டால் எண்ணம் முழுக்க அந்த வளைவுக்கே போய்விடும்.

சில நாள் கழித்து மாமா தோல்வியை ஒப்புக்கொண்டார். ஹெட்போனே பழுது, மாத்தளையில் புதிது ஒன்று வாங்க வேண்டும் என்றார். அப்பாவும் சரி, சனிக்கிழமை போய் வருகிறேன் என்றார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“இதுக்காக இன்னொரு தரம் அந்த வளைவைத் தாண்டணுமா? குடுடா இங்க.”

அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. கொண்டையை ஒதுக்கி மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள்.

“ரெண்டு காதுலயும் நல்லா கேக்குதே.”

“அதத்தான் நானும் சொல்றேன்!” என்றார் மாமா.

அம்மா அதைக் கழற்றி அப்பாவுக்கு மாட்டிவிட்டாள். “எந்தப் பக்கம் வருது?”

“ரைட்டு.”

முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினாள். இப்போது இடது காதில் இருந்த ஹெட்போன் குமிழ் வலது காதில். “இப்ப?”

“ரைட்டு தான்.”

மாமா மேசைக்குப் பின்னாலிருந்து மெதுவாக எழுந்து நின்றார். அம்மா ஹெட்போனைக் கழற்றி என் கையில் தந்தாள். அப்பா டீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஸ்டோரில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அவர் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் போய், இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, மெல்லிய குரலில் சொன்னாள்.

“நவதின்ன.”

அம்மா வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அப்பா அசையவில்லை. நாம் ஒருவரோடொருவர் பேசுகிற குரலில் இன்னொரு தரம் சொன்னாள். அதற்கும் அசையவில்லை. மாமாவின் கையிலிருந்து வெள்ளை வயர் கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா வலது பக்கமாகத் திரும்பி எங்களைப் பார்த்தார்.

“என்னா, எல்லாரும் பேசாம இருக்கீங்க?”

அம்மா சுற்றி வந்து அவருடைய வலது பக்கம் தரையில் உட்கார்ந்தாள். கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “வயர்ல ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு இடது காது கேக்கல்ல.”

அப்பா கையைக் கொண்டுபோய் இடது காதைத் தடவிப் பார்த்தார். பிறகு, “வயராத்தான் இருக்கணும்னு நினச்சேன்” என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தரம். அவருக்குச் சந்தேகம் முன்னமே இருந்திருக்கிறது. மாமா தினமும் வயரைக் கழற்றிக் குத்தும்போதெல்லாம், இன்றைக்காவது பழுது அதில்தான் என்று ஆகிவிடாதா என்று காத்திருந்திருக்கிறார். வலது காதும் முழுசாக இல்லை என்பது பிறகு தெரிந்தது.

“இத்தன வருஷமா நான் அந்தப் பக்கமில்ல உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்” என்று சொல்லி அம்மா அழுதாள். பாதி துக்கம், பாதி நிம்மதி.

வெளியே சொல்ல வழியில்லை. தோட்டத்தை நடத்துகிற தொரைக்குத் தெரிந்தால் ஸ்டோரிலிருந்து இறக்கிவிடுவார்கள், குவாட்டர்ஸும் போய்விடும், மாமாவைப் பிறகு எங்கே ஒளித்து வைப்பது? சாவடியில் காது கேட்காது என்று சொன்னாலும் நடிக்கிறான் என்பார்கள். அம்மா இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிறு பூசைக்குப் போகும்போது சாவடியில் பெண்கள் வரிசை ஆண்கள் வரிசைக்கு இடது பக்கமாகப் போகும். அம்மாவிடம் கோயிலுக்குப் போடுகிற வெள்ளை லேஸ் முக்காடு இருந்தது. சிப்பாய் ‘நவதின்ன’ என்றால் அவள் முக்காட்டைத் தலையில் போடுவாள். ‘யன்ன’ என்றால் இறக்கித் தோளில் விடுவாள். அப்பா சிப்பாயைப் பார்க்க வேண்டாம், அவளைப் பார்த்தால் போதும். வேதக்காரப் பெண் முக்காட்டைப் போட்டு எடுப்பதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

“வெள்ளை லெஃப்ட்டு, அத்தான். இனிமே அக்காதான் உங்க லெஃப்ட்டு” என்றார் மாமா.

முன்னறையில் ஒத்திகை நடந்தது. மாமா வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு சிப்பாயாக நின்றார். முதல் தரம் அவர் போட்ட ‘நவதின்ன’வில் அவருக்கே முகம் வெளிறிவிட்டது. அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டே நடந்து அரிசிப் பெட்டியில் முட்டிக்கொண்டார். “கல்யாணத்தன்னைக்குக்கூட இப்பிடிப் பாக்கல்ல மனுசன்” என்று அம்மா முணுமுணுத்தாள். அது அவருக்குக் கேட்காத பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் அம்மாவோடு பெண்கள் வரிசையில். சிப்பாய் கத்தினான், அம்மாவின் முக்காடு தலைக்கு ஏறியது, அப்பா நின்றார். நான் மூச்சு விட்டேன். இனி அவன் ‘யன்ன’ என்பான், முக்காடு இறங்கும், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து எங்கள் இரண்டு பேரையும் சாக்குத் துணி கட்டிய மறைப்புக்குள் வரச் சொன்னாள் சோதிக்கிற பெண். இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை.

அவள் அம்மாவின் பையைக் கொட்டினாள். செபப் புத்தகத்தைத் தலைகீழாக உதறினாள். வெளியே, “யன்ன” என்று கேட்டது. மறுபடியும், “யன்ன!” அப்பா போகவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. அவர் கடைசியாகப் பார்த்தது தலையில் ஏறிய முக்காட்டை. அது இறங்குவதை அவர் காணவில்லை. போகச் சொல்லியும் போகாமல் ஒரு மனிதர் நின்றால் என்ன நினைப்பார்கள்? சிப்பாயின் குரல் ஏறிக்கொண்டே போனது. பூட்ஸ் சத்தம் ஓடியது.

அம்மா என்னையும் பையையும் அப்படியே விட்டுவிட்டுச் சாக்கை விலக்கிக்கொண்டு ஓடினாள். சோதனை முடியாமல் யாரும் அங்கிருந்து ஓடியதில்லை. “நவதின்ன!” என்று அவளைப் பார்த்து இன்னொருவன் கத்தினான். அவள் நிற்கவில்லை. எல்லாம் கேட்கிற இரண்டு காதையும் வைத்துக்கொண்டு அவள் நிற்காமல் ஓடினாள். துவக்கு அப்பாவை விட்டு அம்மா பக்கம் திரும்பியதை நான் சாக்கு இடுக்கால் பார்த்தேன்.

அப்பாவுக்கு எட்டும் தூரத்தில் போய் நின்று அம்மா முக்காட்டை இறக்கினாள். அப்பா உடனே ஒரு எட்டு வைத்தார். அவ்வளவு நம்பிக்கை. சிப்பாய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். அப்போது அம்மா, தோட்டத்து ஆட்களும் பெரிய கிளாக்கர் வீட்டம்மாவும் பஸ்ஸே முழுக்கவும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “மாத்தயா, மெயாகே வம் கன எஹென்னே நே!” ஐயா, இவருக்கு இடது காது கேட்காது.

சிப்பாய்க்கு மாமாவின் வயதுகூட இருக்காது. அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், அம்மாவின் கையிலிருந்த முக்காட்டைப் பார்த்தான். சட்டையை விட்டான். பிறகு இடது பக்கத்திலிருந்து நடந்து, சுற்றிக்கொண்டு அப்பாவின் வலது பக்கம் வந்து நின்றான். “ரைட். யன்ன” என்றான், சத்தம் போடாமல்.

“ரைட்டு” என்றார் அப்பா.

அன்று கோயிலில் அம்மா பெண்கள் பக்கம் போகவில்லை. ஆண்கள் வாங்கில் அப்பாவுக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். பூசை வைத்த சுவாமி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு தரம் பார்த்தார். அம்மா அவரைத் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு சாகும் வரை அப்பா டவுனுக்குத் தனியாகப் போனதில்லை.

விஷயம் தொரை வரை போனது. அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். குவாட்டர்ஸ் போயிற்று என்று அம்மா சட்டி பானைகளை ஒதுக்கத் தொடங்கிவிட்டாள். தொரை அப்பாவிடம் என்னவோ கேட்டாராம். அப்பா பதில் சொன்னாராம். தொரை காதில் கை வைத்து, “ஆ?” என்றாராம். அவரும் இளவயதில் ஸ்டோரில் நின்றவர்தான். இரண்டு பேரும் மாறி மாறி “ஆ?” “ஆ?” என்று கேட்டுக்கொண்டதை அப்பா நடித்துக் காட்டியபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கம்பளியே கழன்று விழுந்தது. ஸ்டோரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் ஒளித்துக்கொண்டு, கத்திக் கத்திப் பேசியிருக்கிறார்கள். அப்பாவின் வேலையும் போகவில்லை, குவாட்டர்ஸும் போகவில்லை.

மாமா காலம் கொஞ்சம் தணிந்ததும் உயிரோடு சவூதிக்குத் திரும்பிப் போனார். அந்த வெள்ளிப் பெட்டி ஒரு மழைநாளில் ஏரியல் வழியாக இறங்கிய மின்னலில் கருகியது. ஹெட்போனின் பஞ்சு உதிர்ந்து கறுப்புத் தூளாகும் வரை அம்மா அதை அல்மாரியில் வைத்திருந்தாள்.

அப்பா நல்ல வயதில், படுக்கையில், ஓய்வு பெற்ற பிறகு குடிவந்த மாத்தளை வீட்டில்தான் போனார். சவப்பெட்டியைச் சுவரோரமாக வைத்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் இடது பக்கம் பாயில். அம்மாவும் அங்கேதான், தலையில் அதே வெள்ளை லேஸ் முக்காடு. மூடப் போகிறோம், கடைசியாகப் பார்ப்பவர்கள் பார்க்கலாம் என்று சொன்னபோது அம்மா எழுந்து பெட்டியைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போக ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் ஆள் நிற்க இடமே இல்லை.

“இங்கேயே நின்னு பாருங்கம்மா” என்றார் யாரோ.

“அந்தப் பக்கம் அவருக்குக் கேக்காது” என்றாள் அம்மா.

பெட்டியை இழுத்து இடம் விட்டார்கள். அவள் குனிந்து வலது காதில் என்னவோ சொன்னாள். நிமிர்ந்து அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முக்காட்டைத் தலையிலிருந்து இறக்கித் தோளில் விட்டாள். ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள்.